கூகுள் தேடல் வேலை என்றாலே ஏமாற்று வேலையா? பத்திரிகைகள் ஏன் இப்படி எழுதுகின்றன?

மாசக்கடைசி:
சின்ன ஏஜென்சியில் எஸ்இஓவும் (கூகுள் தேடலில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) கூகுள் விளம்பரமும் பார்க்கிறேன். ஒரு பம்புசெட் கம்பெனி முதலாளி கொட்டேஷனுக்குச் சரி சொல்லிவிட்டு, எங்கோ ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுத் திரும்ப போன் செய்தார். "கூகுளை ஏமாத்தித்தான் மேல கொண்டுவருவீங்களாமே? நாளைக்கு எங்க கம்பெனி பேரைத் தேடினாலே வராமப் போயிட்டா?" என் மாமனாருக்கும் இதே சந்தேகம்தான். காசு கட்டி விளம்பரம் போடுவதும், தேடலில் மேலே வர கூகுள் விதியை மீறி மற்ற தளங்களில் திருட்டுத்தனமாக லிங்க் வாங்குவதும் பத்திரிகைக்கு ஒன்றுதானா?

பழைய நிருபர்:
தம்பி, உங்கள் தொழிலின் பெயர் கெட்டதில் ஒரு கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸில் டேவிட் சீகல் எழுதியது. ஜேசி பென்னி என்ற அமெரிக்கக் கடை, உடுப்பு, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் முதலில் வந்து நின்றது. தோண்டிப் பார்த்தால், குறட்டை, பல் மருத்துவம் என்று துணிக்கடைக்குச் சம்பந்தமே இல்லாத தளங்களில் எல்லாம் அதற்கு லிங்க். தங்களுக்குத் தெரியாது என்றது கடை. எஸ்இஓ பார்த்த நிறுவனத்தைக் கழற்றிவிட்டது. கூகுள் தண்டித்த வேகம்தான் வேகம்: சாம்சனைட் பெட்டி என்ற தேடலில் மாலை 7 மணிக்கு முதலிடம், இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடம்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த லிங்க்குகளைக் கண்டுபிடிக்கப் பத்திரிகை கூப்பிட்டதும் ஒரு தேடல் நிபுணரைத்தான். ஆனால் வாசகர் மனதில் நின்றது கடையின் தில்லுமுல்லு மட்டும்.

நூல்கண்டு:
சார், பத்திரிகையை மட்டும் சொல்லிப் பயனில்லை. காசு வாங்கிக் காட்டும் முடிவுகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் தேடுபொறிகளுக்கு 2002லேயே கடிதம் எழுதியது. 2013ல் மறுபடியும் எழுதியது. 2020 ஜனவரியில் கூகுள் செய்த மாற்றத்தில் விளம்பரம் எது, சாதாரண முடிவு எது என்றே தெரியவில்லை என்று எல்லோரும் திட்டிய பிறகுதான் பின்வாங்கியது. தொழிலில் இருக்கும் நமக்கே கண் தடுமாறுகிறது, மாமனாரை என்ன சொல்ல?

பழைய நிருபர்:
அதுவும் சரிதான். பத்திரிகைகளும் சுத்தமில்லை. 2013 பிப்ரவரியில் பிரிட்டனின் இன்டர்ஃப்ளோரா பூ வியாபார நிறுவனம், சொந்தப் பெயரைத் தேடினாலே வராதபடி கூகுளில் காணாமல் போனது. காரணமாகப் பேசப்பட்டது, ஊர்ப் பத்திரிகைத் தளங்களில் காசு கொடுத்துப் போட்ட கட்டுரைகளும் அவற்றிலிருந்த லிங்க்குகளும்தான். விற்றது யார்? எங்கள் இனம்! சில நாளில் இன்டர்ஃப்ளோரா திரும்பி வந்துவிட்டது. ஆனால் உங்கள் பம்புசெட்காரர் பயம் வீண் பயமில்லை.

மாசக்கடைசி:
அப்போ அவரிடம் என்னதான் சொல்வது, அண்ணா?

நூல்கண்டு:
லிங்க் வாங்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். கூகுள் விளம்பர அக்கவுண்ட் அவர் ஈமெயிலில் இருக்கட்டும். எந்தெந்தச் சொல்லைத் தேடியவர்கள் கிளிக் செய்தார்கள் என்ற ரிப்போர்ட்டை மாதாமாதம் அனுப்புங்கள். கிளிக்குக்குத்தான் காசு என்பதால், பம்புசெட் ரிப்பேர் தேடியவனுக்கெல்லாம் அவர் காசு போகிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார். முதலிடத்துக்கு மட்டும் உத்தரவாதம் தராதீர்கள்.

மாசக்கடைசி:
கொட்டேஷனின் முதல் வரியே 'முதல் பக்கம் உறுதி'தான். எங்கள் ஓனர் கைவண்ணம். திங்கட்கிழமை அதை எடுக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.