கார்த்தி மாமா அனுப்பிய படம்
(குழு: தோட்டத்துச் சொந்தங்கள்)

கார்த்தி மாமா: [படம்]

கார்த்தி மாமா: ஹான்லே வந்து சேர்ந்தாச்சு. லடாக்கில் சைனா பார்டர் பக்கம். டவர் இப்போதுதான் கிடைத்தது. ரோட்டோரம் இது நிற்கிறது. என்னன்னு யாருக்காவது தெரியுமா?

பெரியம்மா: அங்கே மூச்சு வாங்குதா தம்பி? அதைச் சொல் முதலில்

அப்புச்சி: சோலார் அடுப்பாட்ட இருக்குது. பட்டாளத்துக்குச் சோறாக்கவா?

பெரியப்பா: ராடார் மாப்பிள்ளை. படமெல்லாம் எடுக்காதே, பிடித்து உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள்

யாழினி அக்கா: ராடார் இல்லைங்கப்பா, அது மேஸ்!! காமா கதிரைப் பார்க்கிற தொலைநோக்கி. காமா என்றால் எக்ஸ்ரேயைவிடச் சக்தி கூடின ஒளி. பாபா அணு ஆராய்ச்சி மையம் கட்டியது, 2024 அக்டோபரில் திறந்தார்கள். குறுக்களவு 21 மீட்டர். மாமா நிற்கிற இடமே கடல் மட்டத்துக்கு மேலே 4,270 மீட்டர். இந்த வகையில் இத்தனை உயரத்தில் உலகத்தில் வேறு கிடையாது. மாமா, கிட்டப் போய் இன்னொரு படம் ப்ளீஸ்

கார்த்தி மாமா: [படம்]

கார்த்தி மாமா: வேலிக்கு வெளியே இருந்துதான் முடிந்தது. ஒரே கண்ணாடி இல்லை போல, சின்னச் சின்னச் சதுரமாக வரிசையாக இருக்குது

யாழினி அக்கா: 1,424 துண்டு. கண்ணாடிகூட இல்லை, அலுமினியம். வைர முனை வைத்துக் கடைந்தது

பெரியப்பா: டைமண்ட் டூலா? அப்படியென்றால் பஃப் போடவே வேண்டாம், மெஷினிலிருந்து எடுக்கும்போதே முகம் தெரியும்

பெரியம்மா: லேத் பட்டறை உள்ளே நுழைஞ்சிருச்சு, இனி நிற்காது

கவின்: அக்கா, காமா கதிரைக் காற்று தடுத்துவிடும், தரைக்கு வராதுன்னுதானே எங்கள் புத்தகத்தில் இருக்குது. அப்புறம் தரையில் எதைப் பார்க்கிறார்கள்?

யாழினி அக்கா: சரியான கேள்விடா. காமா கதிரைப் பார்ப்பதே இல்லை. அது காற்றில் மோதிச் சாகும்போது வருகிற வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள்

யாழினி அக்கா: ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் உயரத்தில் மோதும். ஒரு காமா, எலக்ட்ரான், அதன் எதிர்த்துகளான பாசிட்ரான் என்று இரண்டாகும். அதிலிருந்து மறுபடியும் காமா, மறுபடியும் ஜோடி. இப்படியே பெருகி ஆயிரக்கணக்கில் கீழ்நோக்கி வரும். அவை காற்றுக்குள் வெளிச்சத்தைவிட வேகமாக ஓடும்

அப்புச்சி: வெளிச்சத்தை எதுவும் முந்தாதுன்னு போன பொங்கலுக்கு நீதானே சொன்ன அம்மிணி

யாழினி அக்கா: அது வெற்றிடத்தில் அப்புச்சி. காற்றுக்குள் வெளிச்சமே துளி மெதுவாகத்தான் போகும், அந்தத் துளி இடைவெளியில் இது முந்திவிடும். சூலூர் விமானம் சத்தத்தை முந்தினால் டமார்னு கேட்குமே, அது மாதிரி வெளிச்சத்தை முந்தினால் நீலமாக ஒரு மின்னல். செரன்கோவ் ஒளி. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஐந்தாறு பங்கு நேரம்தான் இருக்கும்

கார்த்தி மாமா: அதற்குப் பேசாமல் ராக்கெட்டில் ஏற்றி மேலேயே வைத்துவிடலாமே?

யாழினி அக்கா: வைத்திருக்கிறார்கள் மாமா, ஃபெர்மி என்ற செயற்கைக்கோள், 2008-லிருந்து சுற்றுகிறது. ஆனால் அது ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் சமாச்சாரம். நண்டு நெபுலா என்று ஒன்று இருக்கிறது, 1054-இல் சீனர்கள் பார்த்து எழுதி வைத்த நட்சத்திர வெடிப்பின் மிச்சம். அதிலிருந்து டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே, அதாவது கண்ணால் பார்க்கிற ஒளியைப் போல நாற்பதாயிரம் கோடி மடங்கு, அந்தச் சக்தியோடு வருகிற கதிர் சதுர மீட்டருக்கு வருடத்துக்கு ஐந்தாறுதான். மேலே உட்கார்ந்து காத்திருந்தால் வயசாகிவிடும்

யாழினி அக்கா: கீழே அப்படி இல்லை. அந்த நீல வெளிச்சம் தரையில் 120 மீட்டர் ஆரத்துக்கு விரியும். அந்த வட்டத்துக்குள் எங்கே தொலைநோக்கி நின்றாலும் சிக்கும். கணக்குப் போட்டால் பதினோரு ஏக்கர்

அப்புச்சி: பதினோரு ஏக்கராவா! நம்ம கிணத்துக்காட்டையும் மேட்டாங்காட்டையும் சேர்த்தாக்கூட அவ்வளவு வராது

பெரியம்மா: அந்த நண்டு எந்த ராசியில் இருக்குது? கடகமா?

யாழினி அக்கா: பேர்தான் நண்டு. இருப்பது ரிஷபத்தில்

பெரியம்மா: நம்ம ராசி. பலன் ஏதாவது உண்டா?

யாழினி அக்கா: அம்மா 🙏

கவின்: காமா இல்லாமல் வேறு ஏதாவது மோதினாலும் அதே வெளிச்சம் வருமா?

யாழினி அக்கா: வரும், அதுதான் பெரிய தலைவலி. விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்ப் புரோட்டான் என்ற துகள்கள் ஓயாமல் விழுகின்றன, ஒரு காமாவுக்கு ஆயிரக்கணக்கில். 1,088 ஒளிக்குழாய், அதாவது துளி வெளிச்சத்தையும் மின்சாரமாக மாற்றுகிற குழாய், உள்ள கேமராவில் படம் விழும். காமா என்றால் ஒல்லியான நீள்வட்டம், புரோட்டான் என்றால் சிதறிக் கந்தலாக இருக்கும். அந்த உருவத்தைப் பார்த்துப் பிரிக்கலாமென்று பிடிபட்ட பிறகுதான், 1989-இல் அமெரிக்காவின் விப்பிள் தொலைநோக்கியில் நண்டு நெபுலா சந்தேகமில்லாமல் தெரிந்தது. முதன்முதலில் 1952-இல் இங்கிலாந்தில் கால்பிரெய்த், ஜெல்லி என்ற இரண்டு பேர் ஒரு குப்பைத்தொட்டிக்குள் கண்ணாடியும் ஒரு ஒளிக்குழாயும் வைத்து வானத்தைப் பார்த்தார்கள். அதிலேயே இந்த மின்னல் பதிவானது

பெரியப்பா: குப்பைத்தொட்டியா? இவர்களைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது

அப்புச்சி: நம்ம பக்கம் இதெல்லாம் ஒண்ணும் இல்லையாக்கும்?

யாழினி அக்கா: ஊட்டியில் இருந்தது அப்புச்சி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் அங்கேதான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் மத்தியப் பிரதேசத்துப் பச்மரிக்குப் போய்விட்டார்கள். ஊட்டியில் இப்போது கிரேப்ஸ்-3 இருக்கிறது. அது வெளிச்சத்தைப் பார்க்காது, தரைக்கு வந்து சேர்கிற துகள்களையே பிடிக்கும். ஏறக்குறைய 400 உணர்கருவி, பகல் இரவு பார்க்காமல் ஓடும்

அப்புச்சி: உருளைக்கிழங்கு லோடு ஏத்த மேட்டுப்பாளையம் மண்டிக்கும் ஊட்டிக்கும் எத்தனை நடை போயிருப்பேன். ஒருத்தரும் இதைச் சொன்னதில்லை

கவின்: அப்போ மேஸ் பகலில் சும்மாதான் நிற்குமா?

யாழினி அக்கா: ஆமாம். மேகம் இருந்தாலும் லீவுதான். நிலா இல்லாத இரவுதான் தோது. அவர்களுக்கு அமாவாசைதான் முகூர்த்தம்

யாழினி அக்கா: எனக்கு ஒரு ஆதங்கம், இது தனியாக நிற்கிறது. நமீபியாவில் ஐந்து, அரிசோனாவில் நான்கு சேர்ந்து நிற்கின்றன. ஒரே மின்னலைப் பல பக்கமிருந்து பார்த்தால் எங்கிருந்து வந்ததென்று இன்னும் துல்லியமாகத் தெரியும். பக்கத்தில் இன்னொன்று வைக்கலாம்

கார்த்தி மாமா: இங்கே இருட்டின பிறகு ஹெட்லைட் போட்டு வண்டி ஓட்டக் கூடாதாம், ரூம்காரர் சொல்கிறார். கிளம்புகிறேன். டவர் போகும்

பெரியப்பா: யாழினி, அந்த அலுமினியத் துண்டு ஒவ்வொன்றும் என்ன சைஸ்?

யாழினி அக்கா: ஏறக்குறைய அரை மீட்டருக்கு அரை மீட்டர்ப்பா

பெரியப்பா: என் மெஷினில் ஏறாது