அந்த 18-ஐ யார் எண்ணியது?

இரவுப்பணி: "செப்சிஸைப் (தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிப்பது) பிடிக்க க்யூசோஃபா ஸ்கோர் போதும், மூன்றே கேள்வி" என்று வார்டு டாக்டர் காலையில் நம் குழுவில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மூன்றில் ஒன்று மூச்சு, நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல். எந்த சார்ட்டையும் புரட்டிப் பாருங்கள். 18, 20, 18, 20. முப்பது கட்டிலிலும் ஒரே மூச்சு!

வார்டு டாக்டர்: எண்ணாதது யார் தப்பு சிஸ்டர்? லட்சக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2016இல் வந்த ஸ்கோர் அது. மூச்சு, பிபியின் மேல் எண் 100 அல்லது கீழே, நினைவுத் தடுமாற்றம். ரத்தப் பரிசோதனைகூட வேண்டாம்.

எட்டாம் கட்டில்: க்யூசோஃபாவை மட்டும் வைத்து செப்சிஸைத் தேட வேண்டாம் என்று 2021 சர்வதேச வழிகாட்டுதலே சொல்லிவிட்டது, டாக்டர். நியூஸ்2 பாருங்கள், மூச்சு, நாடி, பிபி, காய்ச்சல், ஆக்சிஜன், நினைவு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் ஸ்கோர்.

இரவுப்பணி: நான் பார்த்ததைச் சொல்கிறேன். சிறுநீர்த் தொற்றோடு வந்த ஒரு அம்மா. நாடி 118, பிபி 104, காய்ச்சல் 101.5, ஆக்சிஜன் 95. தெளிவாகப் பேசினார். சார்ட்டில் மூச்சு 18. போர்வையை விலக்கி, வயிற்றில் கை வைத்து முழு நிமிடம் எண்ணினேன். 26.

எட்டாம் கட்டில்: 26 போட்டாலும் க்யூசோஃபா மூன்றுக்கு 1தான். நியூஸ்2இல் 18 என்றால் 5, 26 என்றால் 8.

வார்டு டாக்டர்: அப்போ எண்ணாமலே 5 வந்துவிட்டதே! உங்கள் 26 எதற்கு?

இரவுப்பணி: 5 என்றால் அவசரமாக வந்து பார்க்கணும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் அவசர சிகிச்சைக் குழுவே ஓடி வரணும். ராத்திரி இரண்டு மணிக்கு "வரேன்" என்பதற்கும் வந்து நிற்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியாது.

புதுசு: ஒரு சந்தேகம். இதெல்லாம் செப்சிஸ் இருக்கிறதா என்று சொல்வதா, ஆபத்து எவ்வளவு என்று சொல்வதா? அதை முதலில் பேசலாமே.

வார்டு டாக்டர்: எனக்குத் தெரியாதா? போன மாதம் கேனுலா (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) பேச்சிலும் இதே மாதிரிதான் டாக்டர்கள் மேல் பாய்ந்தீர்கள்.

இரவுப்பணி: கேனுலாவில் நான் சொன்னது சரிதான், அது இருக்கட்டும். 18-ஐ யார் எண்ணியது?

எட்டாம் கட்டில்: முப்பது பேருக்கு ஒரு சிஸ்டர் என்றால் எப்படி எண்ணுவார்? நிர்வாகத்தைக் கேளுங்கள்.

வார்டு டாக்டர்: ஆள் பற்றாக்குறை எங்களுக்கும்தான். 36 மணி நேரம் தொடர்ந்து நின்றிருக்கிறேன்.

இரவுப்பணி: நானும் நின்றிருக்கிறேன். நின்றுகொண்டுதான் எண்ணினேன். டூட்டி டாக்டர் கேஸ்ஷீட்டிலும் 18 என்றுதான் இருந்தது. அது எங்கள் சார்ட்டைப் பார்த்து எழுதியதா, நோயாளியைப் பார்த்து எழுதியதா?

வார்டு டாக்டர்: மறுபடியும் அதே 18.

இரவுப்பணி: ஆமாம், அதே 18. பதில் வரும்வரை கேட்பேன்.