கார்டு புதுசு, எஃப்பிஎஸ் பழசு: ரைசன் 5 3600 + ஆர்டிஎக்ஸ் 4070

கார்முகில்:
ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துட்டு ஆர்டிஎக்ஸ் 4070 போட்டிருக்கேன். மத்ததெல்லாம் அப்படியே இருக்கு: ரைசன் 5 3600 பிராசஸர், அதோட வந்த கூலர், பி450 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ரெண்டு (அட்டையில 3200னு போட்டிருக்கு), 650 வாட் பவர் சப்ளை, 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

சைபர்பங்க் 2077-ஐ ரே ட்ரேசிங் (ஒளியை நிஜம் மாதிரி கணக்கிடுறது), டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி (சின்னதா வரைஞ்சு பெருசாக்குறது) ரெண்டும் ஆன் பண்ணி ஓட்டுறேன். ஊருக்கு வெளியே பிரமாதம். கபுகி சந்தைக்குள்ள நுழைஞ்சா எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) 58-க்கு இறங்கிடுது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ல பழைய கார்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமே தெரியல. சந்தையில நிக்கும்போது கார்டு 55 சதவீதம், டாஸ்க் மேனேஜர்ல சிபியு (பிராசஸர்) 45 சதவீதம். ரெண்டுமே பாதிதான் வேலை செய்யுதுன்னா எது தடுக்குது? ஒரு தளத்துல பிராசஸர், கார்டு ரெண்டோட பேரையும் கொடுத்தா "23 சதவீதம் பாட்டில்நெக்" (ஒண்ணு மத்ததைத் தடுக்குது)னு சொல்லுது. பிராசஸரை மாத்தணுமா, இல்ல 1440பி மானிட்டர் வாங்கினா போதுமா?

ஃப்ரேம்டைம்:
அந்த 23 சதவீதத்தை மறந்துவிடுங்கள். உங்கள் ஒரே மெஷினில், ஒரே விளையாட்டில், ஊருக்கு வெளியே கார்டு தடையாக இருக்கும், சந்தைக்குள் பிராசஸர் தடையாக இருக்கும். இதை ஒற்றை எண்ணில் எப்படிச் சொல்ல முடியும்?

45 சதவீதக் குழப்பத்துக்கு வருவோம். 3600-ல் 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்). டாஸ்க் மேனேஜர் காட்டுவது பன்னிரண்டின் சராசரி. ஒரு த்ரெட் முழு மூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8.3 சதவீதம்தான். பெரும்பாலான விளையாட்டுகளில் ஒரு முதன்மை த்ரெட் மற்றவற்றுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, அவை முடிக்கும்வரை காத்திருந்து, வரைய வேண்டியவற்றை கார்டுக்கு அனுப்பும் வேலைக்கும் வழிவிடுகிறது. அது திணறினால் மற்ற கோர்கள் சும்மா இருந்தும் பயனில்லை. விண்டோஸ் அந்த த்ரெட்டை கோர் மாற்றி மாற்றி ஓட்டுவதால், தனித்தனி கிராஃபிலும் எதுவும் 100-ஐத் தொடாமல் போகலாம். ஆகவே கார்டின் சதவீதத்தைப் பாருங்கள். எஃப்பிஎஸ் வரம்பு எதுவும் போடாமலே அது 95-க்கு மேல் போகவில்லை என்றால் தடை பெரும்பாலும் பிராசஸர் பக்கம்தான் (பிராசஸர், ரேம் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்).

மில்லி நொடியில் கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். 58 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 17.2 மில்லி நொடி. கார்டு தன் பங்கைச் சுமார் 9.5-ல் முடித்துவிட்டு அடுத்த ஃப்ரேம் வரும்வரை காத்துக் கிடக்கிறது. உங்கள் 55 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. 144 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் பிராசஸர், கார்டு இருவருமே 6.9 மில்லி நொடிக்குள் முடித்தாக வேண்டும்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை: விசிங்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டும் அமைப்பு), எஃப்பிஎஸ் வரம்பு இரண்டையும் அணையுங்கள். சந்தையில் ஒரே இடத்தில் சேவ் செய்து, அங்கேயே நின்று டிஎல்எஸ்எஸ்ஸை குவாலிட்டியிலிருந்து பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். 1080பி-யில் குவாலிட்டி உள்ளுக்குள் 1280×720-ல் வரைகிறது, பெர்ஃபார்மன்ஸ் 960×540-ல். கார்டின் பிக்சல் சுமை 9.2 லட்சத்திலிருந்து 5.2 லட்சத்துக்குக் குறைகிறது. அப்படியும் 58 அசையாவிட்டால் கார்டைக் குறை சொல்ல இடமே இல்லை. இன்டெலின் பிரசன்ட்மான் என்ற அளவிடும் மென்பொருள் இருந்தால் இன்னும் சுலபம்: ஃப்ரேம் நேரத்தின் பக்கத்தில் ஜிபியு பிஸி நேரத்தையும் (கார்டு வேலை செய்த நேரம்) காட்டும். இரண்டும் ஒட்டிப் போனால் தடை கார்டு, நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் பிராசஸர்.

ஸ்லாட்_ஏ2:
காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ரேமைப் பாருங்க. அட்டையில 3200னு இருந்தாலும் பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அட்டையில போட்ட வேகத்துல ஓட்டுற அமைப்பை, ஆன் பண்ணாத வரைக்கும் 2133, 2400, 2666னு ஏதோ ஒரு அடிப்படை வேகத்துலதான் ஓடும். டாஸ்க் மேனேஜர் → பெர்ஃபார்மன்ஸ் → மெமரி, அங்க ஸ்பீட் எவ்வளவுன்னு பாருங்க. சில போர்டுல எக்ஸ்எம்பிக்குப் பேரே டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பின்னு இருக்கும்.

ரைசன்ல இது ரெட்டை அடி. கோர்களையும் மெமரி கன்ட்ரோலரையும் இணைக்கிற இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் வழக்கமா ரேம் க்ளாக்கோட சேர்ந்துதான் ஓடும். ரேம் 2133-ல இருந்தா ஃபேப்ரிக்கும் 1066 மெகாஹெர்ட்ஸ்ல தூங்கும், 3200-ல 1600.

4 ஸ்லாட் போர்டா இருந்தா ரெண்டு ஸ்டிக்கும் பிராசஸர்ல இருந்து எண்ணி 2-வதுலயும் 4-வதுலயும் இருக்கணும். 1, 2-லயோ 3, 4-லயோ பக்கத்துப் பக்கத்துல குத்தினா சிங்கிள் சேனல் ஆயிடும்: 3200-லயே நொடிக்கு 51.2 ஜிபி வரவேண்டியது 25.6-ஆ பாதியாகும்.

அப்படியே ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கிற கண்காணிப்பு மென்பொருள்ல விளையாடும்போது க்ளாக்கையும் சூட்டையும் பாருங்க. 3600-க்கு வரம்பு 95 டிகிரி. கூலர் இடுக்குல தூசி அடைச்சு 90-ஐத் தாண்டுதுன்னா முதல்ல அதைச் சுத்தம் பண்ணுங்க, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல சூட்டைக் கடத்துற பேஸ்ட்டையும் மாத்துங்க.

கார்முகில்:
2133-தான் காட்டுச்சு! எக்ஸ்எம்பி ஆன் பண்ணி 3200 ஆக்கிட்டேன். சந்தையில 58 இருந்தது 66 ஆச்சு, கவுன்டர்-ஸ்ட்ரைக்லயும் திக்கல் குறைஞ்சிருக்கு. ஸ்லாட் சரியாதான் இருக்கு, சூடு 78-ல நிக்குது. டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸுக்கு மாத்தினாலும் அதே 66.

ஏஎம்4_பிரியன்:
அப்படியானால் பிராசஸர்தான், சந்தேகமே இல்லை. மானிட்டரை 1440பி ஆக்கினால் (20.7 லட்சம் பிக்சல் 36.9 லட்சமாகும்) சும்மா இருக்கும் கார்டுக்கு வேலை கிடைக்கும், படம் கூர்மையாகும். சந்தையில் 66 மட்டும் 66-ஆகவே இருக்கும். கவுன்டர்-ஸ்ட்ரைக் உங்களுக்கு முக்கியம் என்றால் முதலில் பிராசஸரை மாற்றுங்கள்.

போர்டை மாற்றத் தேவையில்லை. ஏஎம்5 என்ற புதிய சாக்கெட்டுக்குப் போனால் போர்டு, டிடிஆர்5 ரேம் என எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். 3600-ல் ஆறு கோரும் மும்மூன்றாக இரண்டு குழு, குழுவுக்கு 16 எம்பி எல்3 கேச் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்). ஒரு குழுவுக்கு வேண்டிய தரவு மற்றதில் இருந்தால் ஃபேப்ரிக் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். ரைசன் 5 5600-ல் ஆறு கோருக்கும் பொதுவாக 32 எம்பி. 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டிலும் அதன்மேல் 64 எம்பி அடுக்கி மொத்தம் 96 எம்பி. 5700எக்ஸ்3டி-யின் உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ், 5600-ஐவிடக் குறைவு. ஆனாலும் விளையாட்டில் முந்துகிறது, காரணம் ரேமுக்குப் போய்க் காத்திருக்கும் நேரம் மிச்சமாவது. எக்ஸ்3டி நியாயமான விலையில் சிக்கினால் அதையே வாங்குங்கள், இல்லாவிட்டால் 5600 போதும். பழையது வாங்கினால் அடியில் உள்ள பின்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வரிசை நேராகத் தெரிய வேண்டும்.

மாற்றும்போது வரிசை முக்கியம். போர்டு தயாரிப்பாளர் தளத்தில் சிபியு ஆதரவுப் பட்டியலைப் பார்த்து, 3600 இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ஆனில் இருந்தால் பயாஸைத் தொடும் முன்பே நிறுத்திவையுங்கள், ரெகவரி கீயையும் எடுத்து வையுங்கள். புது பிராசஸரோடு ஆன் செய்யும்போது எஃப்டிபிஎம்மை (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் பகுதி) ரீசெட் செய்யவா என்று போர்டு கேட்கும். அப்டேட்டுக்குப் பிறகு எக்ஸ்எம்பி அணைந்துவிடும், திரும்ப ஆன் செய்ய வேண்டும்.

கூலரை நேராக மேலே இழுக்கவே கூடாது. காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு, பூட்டிய சாக்கெட்டிலிருந்தே பிராசஸரைப் பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் ஏதாவது விளையாடிச் சூடேற்றி, அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, அது வழுக்கத் தொடங்கியதும் எடுங்கள். எக்ஸ்3டி 105 வாட் ரகம், 3600-உடன் வந்த சின்னக் கூலர் அதற்குத் தாங்காது. டவர் கூலருக்கும் பணம் ஒதுக்குங்கள்.

ஃப்ரேம்டைம்:
வாங்கும்வரை சைபர்பங்க்கில் க்ரவுட் டென்சிட்டியை (கூட்டத்தின் அடர்த்தி) குறைத்துப் பாருங்கள், அது நேராக பிராசஸர் சுமை. ரே ட்ரேசிங்கும் அப்படித்தான். கார்டுக்கு மட்டுமான சுமை என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் காட்சியில் நகரும் பொருட்களின் கட்டமைப்பை ஒவ்வொரு ஃப்ரேமும் புதுப்பிக்கும் வேலையில் பிராசஸருக்கும் பங்கு உண்டு. நிழல், டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்தால் சந்தையில் பெரிதாக எதுவும் கூடாது.

4070-ல் ஃப்ரேம் ஜெனரேஷன் இருக்கிறது. நடுவில் செருகும் ஃப்ரேமை கார்டே உருவாக்குவதால் பிராசஸர் தடை இருக்கும் இடத்திலும் எண் ஏறும், காட்சி வழவழப்பாகும். மவுஸ் அசைவுக்கான தாமதம் மட்டும் 66-க்கு உரியதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சைபர்பங்க்கில் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.