குவாட் இஎஸ்எல் 57: வலது ஸ்பீக்கரில் சத்தம் பாதி, கூடவே 'டிக் டிக்'

கேள்வி:
என்னிடம் இருப்பது குவாட் இஎஸ்எல் 57 எலெக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர் ஜோடி (கூம்புக்குப் பதில் சார்ஜ் ஏறிய மெல்லிய படலம் அதிர்ந்து பாடும் வகை, அதற்காக மெயின் பிளக்கும் உண்டு). வலது ஸ்பீக்கர் மட்டும் மெதுவாகப் பாடுகிறது. பேஸ் கிட்டத்தட்ட இல்லை, குரல் கேட்கிறது. வால்யூம் ஏற்றினால் நடுப் பேனலில் 'டிக்' என்று சொடுக்குகிறது. ஆம்ப் 8 ஓமுக்கு 100 வாட். இடது, வலது வயர்களை மாற்றிப் பார்த்தும் அதே ஸ்பீக்கர்தான். மல்டிமீட்டரில் இஎச்டி (பேனலுக்கு சார்ஜ் ஏற்றும் உயர் வோல்ட்டேஜ்) 400 வோல்ட்கூடக் காட்டவில்லை. பேனல் போய்விட்டதா?

பதில் 1:
அந்த 400-ஐ நம்பாதீர்கள். பேஸ் பேனல்களுக்கு 6 கிலோவோல்ட், நடு டிரெபிள் பேனலுக்கு 1.5 கிலோவோல்ட் போகவேண்டும். ஆனால் அந்த சப்ளையால் கொடுக்க முடிகிற கரண்ட் மிகக் குறைவு. 10 மெகாஓம் மீட்டரை வைத்த உடனேயே வோல்ட்டேஜ் படுத்துவிடும். சாதாரண மீட்டர் அதைத் தாங்கவும் தாங்காது, இனி வைக்காதீர்கள்.

மீட்டர் இல்லாமலே ஒரு சோதனை: இரண்டையும் ஒரு நாள் முழுக்க மெயினில் விடுங்கள். பாட்டு ஓடும்போதே இரண்டின் மெயின் பிளக்கையும் எடுங்கள். சார்ஜ் மிச்சமிருக்கும்வரை பாடும். வலது மட்டும் சீக்கிரம் அடங்கினால் பேனல் கசிகிறது. தூசி, ஈரம், கிழிந்த தூசித்தாள் இவைதான் வழக்கமான காரணம். இடதைப் போலவே மெல்லத் தேய்ந்தால் இஎச்டி பிளாக் (அந்த வோல்ட்டேஜைத் தயாரிக்கும் பகுதி) மேல் சந்தேகம்.

அடுத்து இரண்டு பிளாக்குகளையும் இடம் மாற்றுங்கள். மெயினை மட்டுமல்ல, ஆம்ப் வயரையும் கழற்றிய பிறகுதான் பின்மூடியைத் திறக்கவேண்டும். உள்ளே இருக்கும் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஆம்பின் சிக்னலையே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றுகிறது. அதில் கரண்டுக்குப் பஞ்சமில்லை, ஆளைக் கொல்லும். ஒரு மணி நேரம் காத்திருந்து, உயர் வோல்ட்டேஜ் ரெசிஸ்டர் கட்டிய இன்சுலேட்டட் குச்சியால் சேசிஸுக்கு டிஸ்சார்ஜ் செய்யுங்கள். கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று 250 வோல்ட்தான் தாங்கும், அதன் மேலேயே பொறி தாவிவிடும். வயர்களைக் கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். வலதில் பேஸ் வந்துவிட்டது, இப்போது இடது மெதுவாகப் பாடுகிறது. ஆனால் 'டிக்' வலதிலேயே இருக்கிறது!

பதில் 2:
அப்படியானால் பழுது இரண்டு, தனித்தனி.

முதலாவது பிளாக். உள்ளே டயோடும் கெபாசிட்டரும் ஏணிபோல அடுக்கிய மல்டிப்ளையர், படிப்படியாக வோல்ட்டேஜை ஏற்றுவது. டிரெபிளுக்குக் கீழ்ப்படியிலிருந்தும் பேஸுக்கு உச்சியிலிருந்தும் எடுக்கிறார்கள். மேல்படி தளர்ந்தால் பேஸ்தான் முதலில் போகும், உங்கள் அறிகுறியும் அதுவே. ஒரு டயோடை மட்டும் மாற்றி நிறுத்தாதீர்கள், எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். ஒவ்வொரு பாகமும் டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரி ஏசி வோல்ட்டேஜைப் போல 2.83 மடங்கு தாங்கவேண்டும்; அதற்கும் மேலே தாராளமாக இடம் விட்டு வாங்குங்கள். சாலிடர் கூராக நின்றால் அந்த முனையிலிருந்து காற்றில் சார்ஜ் கசியும், உருண்டையாக முடியுங்கள். ஃபிளக்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எடுங்கள். பிளாக்கை மூடும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிகோன் பசை வேண்டாம், அது செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை வாங்குங்கள். மெயின் டேப்பையும் (மெயின் வோல்ட்டேஜுக்கு ஏற்ப டிரான்ஸ்ஃபார்மரில் தேர்ந்தெடுக்கும் இணைப்பு) பாருங்கள்: 220-இல் இருந்து வீட்டில் 240 வந்தால் இஎச்டி 9 சதவீதம் ஏறிவிடும்.

இரண்டாவது அந்த 'டிக்'. அது டிரெபிள் பேனலில் பொறி தாவும் சத்தம். இந்த ஸ்பீக்கருக்கு உச்ச அளவு 33 வோல்ட் பீக். உங்கள் 100 வாட் ஆம்ப் 40 வோல்ட் பீக் தள்ளும். ஒவ்வொரு பொறியும் மெல்லிய படலத்தில் ஓட்டை போடுகிறது. விளக்கை அணைத்துப் பார்த்தால் நீலப் பொறி தெரியக்கூடும். ஓட்டை விழுந்த படலத்தை ஒட்டி நம்பமுடியாது, புதுப் படலம் போட்ட பேனல்தான் வழி.

கேட்டவர்:
வால்யூமைக் குறைத்தே வைத்தால் இந்த ஆம்ப் போதாதா?

பதில் 2:
போதாது. ரெக்கார்டு பிளேயர் ஊசியைத் தட்டில் தவறவிட்டாலே அந்த ஒரு துடிப்பு 33-ஐத் தாண்டிவிடும். குவாட் 303 ஆம்பின் சப்ளை 67 வோல்ட், ஒரு பக்கத்துக்கு அதில் பாதிதான் கிடைக்கும், அதனால் அதன் வெளியீடு தானாகவே அந்த எல்லையில் நின்றுவிடுகிறது. பழைய குவாட் II வால்வு ஆம்பும் ஆகும். வேறு எதுவானாலும் 8 ஓமுக்கு 50 வாட்டுக்குள் இருக்கட்டும். 18 கிலோஹெர்ட்ஸில் இந்த ஸ்பீக்கர் 2 ஓமுக்கும் கீழே இறங்கும், அதையும் தாங்குகிற ஆம்பாகப் பாருங்கள். புதுப் பேனல் வரும்வரை வலதின் மெயினை எடுத்தே வையுங்கள்.