பழைய போர்ஷே பாக்ஸ்டர்: இப்போதே எடுப்பதா, பொறுத்துப் பார்ப்பதா?

கேள்வி (ஹேரோ)

2007-ஆம் வருட 987 (இரண்டாம் தலைமுறை) பாக்ஸ்டர் எஸ், 3.4 லிட்டர், மேனுவல் கியர், 78,000 மைல். இங்கிலாந்தில் தனியார் விற்பனை. நவம்பர் முடியப்போகிறது, கூரை திறக்கிற காரை வாங்க இதுதான் நேரம் என்கிறார்கள். எடுத்துவிடலாமா? அல்லது இன்னும் ஒரு வருடம் பணம் சேர்த்து, 2009 மாடலில் வந்த, இதன் மேம்பட்ட பதிப்பான 987.2-க்குப் போகலாமா? இந்த வண்டியோடு பழகியவர்கள், கையில் பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (கிராய்டன்)

சீசன் தள்ளுபடி உண்மைதான், ஆனால் அதைப் பெரிதாக நினைக்க வேண்டாம். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததிலிருந்து பிப்ரவரி வரை விற்பவருக்கு அதிகம் போன் வராது. பேரத்துக்கு வளைவார். மார்ச்சில் நாலு நாள் வெயில் அடித்துவிட்டால் அதே ஆள் பிடிவாதம் பிடிப்பார். மொத்தத்தில் இந்த வித்தியாசம் நல்ல டயர் நான்கு வாங்குகிற காசு, அவ்வளவுதான். அதற்காக மோசமான வண்டியை எடுத்துவிடக் கூடாது, நல்ல வண்டியை விட்டுவிடவும் கூடாது.

குளிர்காலத்தில் வாங்குவதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம் விலையில் இல்லை, வண்டி தன் குறையை மறைக்க முடியாததில் இருக்கிறது. இரவெல்லாம் 3 டிகிரியில் கிடந்த என்ஜினை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் எக்ஸாஸ்ட் குழாயைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்குப் பேச்சை முடித்துக்கொண்டு இன்னொரு நாள் வாருங்கள்.

மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், ஈரம் உடனே தெரிந்துவிடும்.

பதில் (லெஸ்டர், போர்ஷே மட்டும் பார்க்கும் கராஜ்)

"987" என்ற ஒரு பெயருக்குள் பல என்ஜின்கள் இருக்கின்றன. எதற்குப் பயப்பட வேண்டும் என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும். இதைப் பிரிக்காமல் இப்போதா அப்புறமா என்று பேசுவதில் பயனில்லை.

2005, 2006 மாடல் எஸ் வண்டியில் 3.2 லிட்டர், 280 குதிரைத்திறன். 2007-இலிருந்து 3.4, 295 குதிரைத்திறன். எஸ் இல்லாத சாதா பாக்ஸ்டரில் 2.7. 2009 மாடலில் வந்த 987.2 முழுக்கப் புது என்ஜின்: எஸ்-இல் நேரடி எரிபொருள் செலுத்தும் 3.4, சாதாவில் 2.9.

இணையத்தில் எல்லாரும் பயமுறுத்துகிற ஐஎம்எஸ் பேரிங்கை முதலில் பார்ப்போம். கிராங்கிலிருந்து கேம்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இடைத்தண்டின் ஒரு முனையைத் தாங்கும் சீல் வைத்த பேரிங் அது. சீல் தேய்ந்து உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிட்டால், சரியாக எண்ணெயும் கிடைக்காமல் குண்டுகள் தேயும். பேரிங் உடைந்தால் டைமிங் தவறி வால்வும் பிஸ்டனும் மோதும், அதோடு என்ஜின் போச்சு. 2000 முதல் 2005 வரை வந்த ஒற்றை வரிசைச் சிறிய பேரிங்தான் இதில் பேர்போனது. 2005-க்குள்ளேயே பெரிய பேரிங்குக்கு மாறினார்கள். அதனால் 2005 வண்டியில் எது இருக்கிறது என்பதை, கியர்பாக்ஸை இறக்கி அந்த மூடியின் நடு நட்டைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். 22 மில்லிமீட்டர் நட்டு என்றால் பெரியது. பெரியது அபூர்வமாகவே போகிறது. ஆனால் என்ஜினைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. சிறியதை மாற்றலாம். எப்படியும் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸ் இறங்கும், அப்போதே பேரிங், பின் கிராங்க் சீல், தேவைப்பட்டால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் எல்லாவற்றையும் ஒரே கூலியில் முடித்துவிடலாம்.

நீங்கள் சொல்லும் 2007 வண்டியில் இருப்பது பெரிய பேரிங். ஆக அதற்கு ஐஎம்எஸ் முதல் கவலை இல்லை, போர் ஸ்கோரிங், அதாவது சிலிண்டர் கீறல்தான். பிஸ்டன் பக்கவாட்டில் இருக்கும் பூச்சு உரிந்து, சிலிண்டர் சுவரில் நெடுக்காகக் கோடு விழும். 3.4, 3.6, 3.8 லிட்டர் என்ஜின்களில் இதை அதிகம் பார்க்கிறோம். 2.7-இலும் 3.2-இலும் குறைவு. குளிர் என்ஜினை எடுத்த எடுப்பில் விரட்டுவது, எண்ணெயை இரண்டு வருடம் மாற்றாமல் ஓட்டுவது, ஒழுகும் இன்ஜெக்டர் பெட்ரோலை ஊற்றி எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுவது, இவையெல்லாம் சேர்ந்துதான் இந்த நிலைக்குக் கொண்டுவருகின்றன.

911-இல் இரண்டு பக்கக் குழாயில் ஒன்று மட்டும் கரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். பாக்ஸ்டரில் வாய் நடுவில் இருப்பதால் அந்த வழி உதவாது. சூடான பிறகும் நிற்காத டிக் டிக் சத்தம், ஏறிக்கொண்டே போகும் எண்ணெய்ச் செலவு, இவைதான் வெளியே தெரியும் அறிகுறி. உறுதி செய்ய போர்ஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமரா வேண்டும். ஸ்பார்க் பிளக் துளை வழியாக விட்டால் மேல் பகுதி மட்டும் தெரியும், ஆனால் கீறல் பெரும்பாலும் கீழேதான் தொடங்கும். எண்ணெயை வடித்து, என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப் தட்டைக் கழற்றி, பிஸ்டனை மேலே ஏற்றிவிட்டு அடியிலிருந்து பார்த்தால்தான் முழுச் சுவரும் தெரியும். ஆறு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்கிற கராஜும் உண்டு.

சம்ப் திறக்கும்போதே ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். 74 மில்லிமீட்டர் சாவியால் கூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் காகிதத்தைக் கத்தரித்து, வெள்ளைத் தாளில் விரித்து, எண்ணெயை வடியவிட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுக்கிற துகள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, பேரிங் பக்கம் சந்தேகம். ஒட்டாமல் மினுக்கினால் அலுமினியம். கறுப்பு, பழுப்பு நிறப் பிளாஸ்டிக் சில்லுகள் செயின் கைடிலிருந்து வருபவை, நாலைந்து இருந்தால் பதற வேண்டாம்.

சிலிண்டர் கெட்ட என்ஜினைத் திரும்பக் கட்டினால் 10,000 பவுண்டைச் சுலபமாகத் தாண்டும். அந்தப் பணத்தையும் குளிர்காலத் தள்ளுபடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், காத்திருப்பதா வேண்டாமா என்பது தெளிவாகிவிடும்.

பதில் (டூட்டிங்)

லெஸ்டர் அண்ணை என்ஜினைச் சொல்லிப்போட்டார், நான் காகித விசயத்தைச் சொல்லுறன். தம்பி, நீங்கள் கேக்கிறது 2007 வண்டி. ரோட் ராக்ஸிலை, அதுதான் வருச வண்டி வரியிலை, பெரிய வித்தியாசம் இருக்குது. 2006 மார்ச் 23-க்கு முந்திப் பதிவான வண்டி எண்டால், புகையிலை வாற கார்பன் அளவு கிலோமீற்றருக்கு 225 கிராமுக்கு மேலை இருந்தாலும் கே எண்ட வரிப் பட்டையோடை நிண்டுடும். அந்தத் தேதியிலோ அதுக்குப் பிறகோ பதிவானது எண்டால் எல், எம் பட்டைக்கு ஏறும். வருசத்துக்கு 300 பவுண்ஸ் அளவிலை கூடக் கட்டவேணும், அதுவும் வண்டி வைச்சிருக்கிற காலம் முழுக்க.

இப்ப லெஸ்டர் அண்ணை சொன்னதோடை சேத்துப் பாருங்கோ. 2005 தொடக்கம் 2006 மார்ச் வரைக்கும் பதிவான 3.2 எஸ் கிடைச்சால் ராக்ஸும் குறைவு, சிலிண்டர் கீறல் பயமும் குறைவு. ஐஎம்எஸ் மட்டும்தான் கேள்வி, சின்ன பேரிங் எண்டால் அதுக்கும் கிளட்சோடை சேத்து வழி இருக்குது. 15 குதிரைத்திறன் குறையும். அது ரோட்டிலை ஆருக்குத் தெரியப்போகுது! நானெண்டால் 2007-ஐ விட்டுட்டு இதைத்தான் தேடுவன்.

பதிவுத் தேதியை விளம்பரத்திலை இருக்கிற நம்பர் பிளேட்டை வைச்சுக் கணிக்காதேங்கோ, கனபேர் சொந்த நம்பர் போட்டிருப்பினம். வி5சி எண்ட வண்டிப் பதிவுப் பத்திரத்திலை முதல் பதிவுத் தேதி எண்ட இடத்தைப் பாருங்கோ. லண்டனுக்கை ஓடுறதெண்டால் யூலெஸ் எண்ட புகைக் கட்டுப்பாட்டு வலயக் கட்டணத்தையும் பாக்கவேணும். 2023 ஓகஸ்ட் 29-இலிருந்து லண்டன்ரை எல்லாப் பறோக்களுக்கும் (உள்ளூராட்சிப் பிரிவுகளுக்கும்) அது வந்திட்டுது, பொருந்தாத வண்டிக்கு நாளுக்கு 12.50 பவுண்ஸ். 987 பெற்றோல் வண்டியளுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனாலும் காசு குடுக்க முன்னம் நம்பரைப் போட்டுப் பாத்திடுங்கோ.

எம்ஓடி எண்ட வருசாந்த வண்டிச் சோதனை வரலாறு அரசாங்கத் தளத்திலை இலவசம். பாஸா ஃபெயிலா எண்டதை விட்டிட்டு அட்வைசரியளை, அதுதான் சோதிச்சவர் எழுதிற எச்சரிக்கைக் குறிப்புகளை, வருச வரிசையா வாசியுங்கோ. "பின் பிரேக் குழாய் துருப்பிடிச்சிருக்கு" எண்டு மூண்டு வருசமா எழுதியிருந்தும் ஒருத்தரும் தொடேல்லை எண்டால், அந்த வண்டியிலை வேறை என்னத்தைச் செய்திருக்கப்போகினம்? முன் கொயில் ஸ்பிரிங் உடையிறது இந்த மொடலிலை சாதாரணம், அதுக்காக ஓடாதேங்கோ. கடன் பாக்கி, கற் எஸ், கற் என் (விபத்திலை இன்சூரன்ஸ் கழிச்சுவிட்ட வண்டி வகைகள்) சோதனைக்கும் கொஞ்சக் காசு செலவழியுங்கோ.

பதில் (மில்டன் கீன்ஸ்)

எனக்கு இதில் மாற்றுக் கருத்து. முதல் போர்ஷே என்றால் 987.2-க்குப் பொறுப்பதுதான் நல்லது. அந்த என்ஜினில் ஐஎம்எஸ் தண்டே கிடையாது. சிலிண்டர் உலோகமும் வேறு. கீறல் அறவே வராது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பழைய 3.4-ஓடு ஒப்பிடவே வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் பழைய டிப்ட்ரானிக்குக்குப் பதில் இரட்டைக் கிளட்ச் பிடிகே கியர்பாக்ஸ். ஸ்டியரிங் இன்னும் ஹைட்ராலிக்தான். 2012-இல் வந்த 981-இல் அது மின்சார ஸ்டியரிங் ஆகிவிட்டது.

ஆனால் பொறுப்பதென்றால் கணக்கோடு பொறுக்க வேண்டும். 987.2 எண்ணிக்கையில் குறைவு, நல்ல மேனுவல் வண்டி நாளுக்கு நாள் அரிதாகிறது. ஒரு வருடம் கழித்து அது இறங்கியிருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. மாதம் எவ்வளவு சேர்க்க முடியும், இரண்டு மாடலுக்கும் இன்றைய விலை வித்தியாசம் எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ஒன்றரை வருடத்துக்குள் முடியும் என்றால் பொறுங்கள். அதற்கு மேல் போனால் நல்ல 3.2-ஐ எடுத்து ஓட்டுங்கள்.

எதை எடுத்தாலும் கையில் 3,000 பவுண்ட் தனியாக இருக்க வேண்டும். விலைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதல் சர்வீஸுக்குக் கடன் வாங்குபவர்களிடமிருந்துதான் பராமரிப்பில்லாத வண்டிகள் சந்தைக்கு வருகின்றன.

கேள்வி (ஹேரோ)

சம்ப் கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால்? தனியார் விற்பனையில் அவ்வளவு கேட்க முடியுமா?

பதில் (லெஸ்டர்)

கேட்கலாம். செலவு முழுக்க உங்களுடையது, புது எண்ணெய் சுமார் 8 லிட்டரும் புது ஃபில்டரும் நீங்களே போட்டுத் தருகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அவருக்கு இலவச ஆயில் சர்வீஸ்! அப்போதும் மறுத்தால் 3.4-ஐப் பொறுத்தவரை நான் விலகிவிடுவேன்.

அவ்வளவு தூரம் போகுமுன் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை. என்ஜின் ஐடிலில் ஓடும்போது பின் டிக்கியைத் திறந்து எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகிப் பாருங்கள். லேசான இழுப்பு இருப்பது சரி. மூடி வரவே மாட்டேன் என்று உறிஞ்சிப் பிடித்தால் என்ஜின் ஆவியிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் ஏர் ஆயில் செப்பரேட்டர் கிழிந்திருக்கிறது. ஸ்டார்ட்டில் ஒரு நொடி நீலப்புகை வந்து போனால் படுத்த சிலிண்டர் என்ஜினுக்கு அது இயல்பு. தெருவையே மறைக்கிற வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் அதே செப்பரேட்டர்தான்.

முன் பம்பரின் இரண்டு ஓரத் துவாரங்களிலும் டார்ச் அடியுங்கள். காய்ந்த இலை திணிந்து கிடந்தால் அதற்குப் பின்னால் ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் ஈரத்தில் ஊறி அரித்துக்கொண்டிருக்கும்.

ஓட்டும்போது மூன்றாம் கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலரேட்டர். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. அதை விலையில் கழியுங்கள்.

மேனுவல் வண்டி என்பதால் என்ஜின் எல்லை மீறிச் சுழன்றதைக் காட்டும் ஓவர்-ரெவ் அறிக்கையையும் கணினியில் எடுக்கச் சொல்லுங்கள். ஆறு படிகள் இருக்கும். முதல் மூன்றில் எண்ணிக்கை இருந்தால் பரவாயில்லை. நாலிலிருந்து மேலே இருந்தால் கியர் தவறிப் போட்ட தடயம், அது எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்றும் பதிவாகியிருக்கும். அதே அறிக்கையில் மொத்த ஓட்ட நேரத்தையும் பாருங்கள். 78,000 மைலுக்கு 2,600 மணி நேரம் என்றால் சராசரி மணிக்கு 30 மைல், நம்பலாம். 4,500 மணி நேரம் காட்டினால் மீட்டரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

பதில் (கிராய்டன்)

தனியாரா டீலரா என்பதையும் யோசியுங்கள். டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் சட்டப்படி 30 நாளுக்குள் பழுதான வண்டியைத் திருப்பலாம், ஆறு மாதம் வரை பழுது முன்பே இருந்ததில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. முன்பணத்தில் ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டினால், விலை 30,000 பவுண்டுக்குள் இருக்கும்வரை கார்டு நிறுவனமும் பொறுப்பேற்கும். தனியாரிடம் இதெல்லாம் இல்லை, அவர் சொன்னதும் வண்டியும் ஒத்துப்போக வேண்டும் என்பது மட்டும்தான். அதனால் விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாரிடம் விலை குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

பதில் (டூட்டிங்)

இப்பவே எடுத்தால் ஒண்டை மறக்காதேங்கோ. வண்டி வாரக்கணக்கிலை நிண்டால் பற்றறி இறங்கும், முன் பொனற் மின்சாரத்திலை திறக்கிறது, பற்றறியோ அதுக்குள்ளை! ஃபியூஸ் பெட்டியிலை சிவப்பு முனை ஒண்டை வெளியிலை இழுக்கலாம். வேறை பற்றறியின்ரை பிளஸ்ஸை அதிலையும், மைனஸைக் கதவுப் பூட்டுக் கொக்கியிலையும் குடுத்தால் பொனற் திறக்கும். அந்த வயரிலை என்ஜினை ஸ்ராட் பண்ணப் பாக்காதேங்கோ, மெல்லிசு, எரிஞ்சுபோகும். கூரையைப் பாதி திறந்து, பின் மூலையிலை இருக்கிற வடிகால் ஓட்டையளை புல்லு வெட்டுற மெசினின்ரை நைலோன் நூலாலை குத்தி விடுங்கோ. மெசினாலை காத்தை ஊதி அடைப்பெடுக்கப் பாக்காதேங்கோ, உள்ளுக்கை குழாய் கழண்டிடும். வடிகால் அடைச்சால் தண்ணி சீற்றுக்குக் கீழை இருக்கிற அலாரம் கொன்றோல் பெட்டிக்குத்தான் நேரை போகும்.