மறு: லேட்டன்சிக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

பாலிடெக்னிக் ஆசிரியை, நெல்லை:
குழுமத்தாருக்கு வணக்கம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நெட்வொர்க் பாடக் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். தரவைத் துண்டுதுண்டாக அனுப்பும் பேக்கெட்டுக்குப் பொதி, புரோட்டோகாலுக்கு நெறிமுறை என்று ஓடிவிட்டது. லேட்டன்சியில், அதாவது தரவு போய்ச் சேர ஆகும் நேரத்தில், மாட்டிக்கொண்டேன். போன வருஷம் அகராதியை நம்பி 'மறைநிலை' என்று போட்டேன். ஒரு பையன் எழுந்து, "மிஸ், என்ன மறைஞ்சிருக்கு?" என்றான். எனக்கும் தெரியவில்லை.

ஒரு நேரத்தில் எவ்வளவு தரவு போகும் என்ற பேண்ட்விட்த்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால்தான் நல்ல சொல் கேட்கிறேன். வகுப்பில் நான் சொல்வது: ஒரு லாரி நிறைய ஹார்ட் டிஸ்க் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினால், சேரும் சரக்குக்கு முன்னால் நம் லேப் இணைப்பு நிற்காது. ஆனால் முதல் பைட் கைக்கு வரப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குத்தான் பெயர் வேண்டும்.

மூத்த உறுப்பினர், தஞ்சாவூர்:
அம்மா, தாமதம் என்று எவரேனும் சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன். அது தமஸ், அதாவது இருட்டு, வழி வந்த வடசொல். நமக்குப் 'பாணித்தல்' இருக்கிறது. காலம் தாழ்த்தல் என்றே பொருள். 'பாணிப்பு' என்க. பொதியை எடுத்தது மிக நன்று. பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்துப் பண்டங்களுக்குப் புலி முத்திரை குத்தி வெளியே விடுவார்கள், அங்கேயே 'பொதிமூடை' வருகிறது. உங்கள் பேக்கெட்டின் முன்னால் முகவரி தாங்கி நிற்கும் ஹெடரும் அந்தப் புலி முத்திரைதானே?

நெட்வொர்க் பொறியாளர், சென்னை:
ஐயா, புலி அருமை. பாணிப்பு வேண்டாம். பாணி என்றால் என் டீமில் ரஜினி ஸ்டைல்தான் நினைவுக்கு வரும்.

இப்போதுதான் சிங்கப்பூரில் ஒரு சர்வரைப் பிங் அடித்தேன், அதாவது சிறு பொதி அனுப்பி அது போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளந்தேன். மில்லிசெகண்டில் வந்தது: 36, 35, 36, 112, 35. சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிள் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போக 16, வர 16; அந்த 32ஐ எந்தக் கொம்பனாலும் குறைக்க முடியாது. 112 மட்டும் வேறு கதை, அநேகமாக வழியில் ஏதோ ரூட்டரில் வரிசையில் நின்றிருக்கும். இரண்டும் லேட்டன்சிதான். ஒரே சொல் இரண்டையும் தாங்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், கோவை:
ஒரு தகவல். பேக்கெட் என்ற பெயரை 1960களின் நடுவில் வைத்தவர் பிரிட்டன் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் டொனால்ட் டேவிஸ். மற்ற மொழிகளிலும் எளிதாகப் பெயர்க்க வேண்டுமென்று மொழியியலாரைக் கேட்டே தேர்ந்தெடுத்தாராம். லேட்டன்சிக்கு யாரும் அந்தத் தயவு காட்டவில்லை. என் வாக்கு 'சுணக்கம்'.

ஆசிரியர், யாழ்ப்பாணம்:
சுணக்கத்துக்கு இரண்டு கையும் தூக்கிறன். அஞ்சு நிமிசம் பிந்தி வீட்டுக்குப் போனாலும் அம்மா கேட்கிறது, "ஏன் இவ்வளவு சுணங்கினனீ?" இதைவிடச் சின்னப் பிள்ளைக்கு விளங்குற சொல் என்ன இருக்கு? ஸ்விட்சுக்கு எங்கட 'ஆளி'யையும் எடுங்கோ என்று எத்தனை தரம் சொல்லியாச்சு.

மூத்த உறுப்பினர், தஞ்சாவூர்:
சங்க இலக்கியத்தில் சுணங்கு என்பது மகளிர் மேனியில் படரும் தேமல். நிகண்டில் சுணங்கன் நாய். தேமலுக்கும் மந்தத்துக்கும் உறவுண்டா என்று இரவெல்லாம் பார்த்தேன். பசலை போல, சோர்ந்த உடலின் நிறம் என்று கொள்ளலாமோ?

நெட்வொர்க் பொறியாளர், சென்னை:
தேமலை விடுங்கள் ஐயா. என் தடை வேறு. நம் ஊர்ப் பத்திரிகையில் 'பணிகளில் சுணக்கம்' என்றால் யாரோ வேலை செய்யவில்லை என்று அர்த்தம், கலெக்டர் எச்சரிப்பார். ஒளி எந்த மெத்தனமும் இல்லாமல் ஓடுகிறது. அதைப் போய்ச் சுணக்கம் என்றால் கஸ்டமர் என்னைத்தான் திட்டுவான். 'செல்நேரம்' என்று வையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், கோவை:
வரிசையில் நிற்பது செல்வதா?

ஆசிரியர், யாழ்ப்பாணம்:
அம்மா கேட்கேக்கை குற்றம் சாட்டுறது பாதிதான். மிச்சம் கவலை.

பாலிடெக்னிக் ஆசிரியை, நெல்லை:
வெள்ளி காலை ஆகிவிட்டது. சுணக்கம் என்று போட்டு, பக்கத்தில் லேட்டன்சி என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பொறியாளர் தம்பி மன்னிக்கணும், அந்த ஐந்து எண்களையும் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். 35க்கும் 112க்கும் இடையே துள்ளுவதுதான் ஜிட்டர் என்று விளக்கினேன். அதற்குச் சொல் இல்லாமல் ஜிட்டர் என்றே விட்டிருக்கிறேன்.

நெட்வொர்க் பொறியாளர், சென்னை:
எண்களை எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. நான் கஸ்டமர் புகார் டிக்கெட்டில் லேட்டன்சி என்றே எழுதுவேன்.

மூத்த உறுப்பினர், தஞ்சாவூர்:
ஜிட்டர்: நுடங்கு என்னும் வேரிலிருந்து 'நுடக்கம்'. விரிவாக நாளை எழுதுகிறேன்.