வெரைட்டி ஹாலா, எலக்ட்ரிக் தியேட்டரா? சாமிக்கண்ணு வின்சென்ட்டின் "முதல்" பற்றிய விவாதம்

பட்டணத்தான்:
நேற்று இங்கே ஒருவர் சாமிக்கண்ணு வின்சென்ட்டைப் பற்றி எழுதும்போது, "தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்கை 1914இல் கோவையில் கட்டியவர்" என்று உறுதியாக எழுதியிருந்தார். இந்த வரியைப் படித்துப் படித்து எனக்குச் சலித்துவிட்டது. சென்னை மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் நடத்திய எலக்ட்ரிக் தியேட்டர், வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹாலுக்கு முன்பே திறக்கப்பட்டது. அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்துக்குள் அஞ்சல்தலைப் பிரிவாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். வின்சென்ட் பெரிய மனிதர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் முதலாமவர் அல்லர்.

வெரைட்டிஹால் ரோட்டுக்காரன்:
அந்த வரியை எழுதியவன் நான்தான். அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

1905இல் வின்சென்ட்டுக்கு வயது இருபத்திரண்டு. கோவையில் பிறந்து, திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தார். டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்த இடத்தில் நோயில் விழுந்து, தாய்நாடு திரும்ப முடிவு செய்து, தம் படக்கருவியையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாயைப் புரட்டிக் கொடுத்து அவற்றை வாங்கியவர் இந்த இளைஞர். மாதச் சம்பளக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய தொகையை, அதுவரை தென்னாட்டில் நம்மவர் அதிகம் இறங்காத ஒரு தொழிலில் போட்டார் என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ரயில்வே வேலையை விட்டார். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு லாகூர், பெஷாவர் வரையும், பர்மா, மலாயா வரையும் போய்ப் படம் காட்டினார். அந்தச் சம்பாத்தியத்தைக் கொண்டுவந்து சொந்த ஊரில் செங்கல்லாக அடுக்கினார். அதுதான் வெரைட்டி ஹால்.

தாங்கள் சொல்லும் எலக்ட்ரிக் தியேட்டர் என்ன ஆனது? 1915இல் தபால் இலாகாவின் கைக்குப் போய்விட்டது. ஓரிரு ஆண்டு நடந்து மூடப்பட்டதை "நிரந்தர"த் திரையரங்கு என்று சொல்ல முடியுமா?

பட்டணத்தான்:
முன்பே திறந்தது முன்பே திறந்ததுதான். பிற்பாடு மூடினார்கள் என்பதற்காக, திறந்த நாள் பின்னுக்குப் போய்விடாது. சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டிய கட்டடத்தை நிரந்தரம் என்று சொல்லாமல் கூடாரம் என்றா சொல்வது?

கிருஷ்ணா தீரம்:
இருவரும் மறந்துவிட்ட ஒரு பெயரைச் சொல்கிறேன். மசூலிப்பட்டினத்தில் பிறந்து சென்னையில் புகைப்படக் கலைஞராக வாழ்ந்த ரகுபதி வெங்கையா, குரோனோமெகாபோன் என்ற கருவியை வரவழைத்து, படத்தோடு ஒலித்தட்டையும் சேர்த்து ஓட்டிக் காட்டியவர். கெயிட்டி, கிரவுன், குளோப் என்று சென்னையில் மூன்று அரங்குகளை எழுப்பினார். அதன் பின் படத்தயாரிப்பிலும் இறங்கினார். அவர் பெயரில் ஆந்திர அரசு ஒரு விருதையே ஏற்படுத்தியது. இந்தியர் கட்டிய அரங்கு என்று பார்த்தால் கெயிட்டியைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை?

வெரைட்டிஹால் ரோட்டுக்காரன்:
வெங்கையாவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தாங்கள் எழுதியதையே திருப்பிப் படியுங்கள்: மூன்று அரங்குகளும் சென்னையில். சென்னை மாகாணத்தின் தலைநகரம். கவர்னர் இருந்தார், வெள்ளைக்கார வியாபாரிகள் இருந்தார்கள், டிக்கெட் வாங்கக் கையில் காசுள்ள கூட்டம் இருந்தது. அங்கே அரங்கு கட்டுவதும் அன்றைய கோவையில் கட்டுவதும் ஒன்றாகுமா? கோவைக்கு மின்சாரம் தந்த பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியதே 1932இல்தான். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே சொந்தமாக எஞ்சின் வைத்து மின்சாரம் எடுத்துப் படம் ஓட்டியவர் வின்சென்ட். அந்தத் தெருவில் அரங்குக்குள் மட்டுமா வெளிச்சம் வந்தது? அதே மின்சாரத்தைக் கொண்டு அச்சகம் நடத்தினார், மாவு அரைக்கும் ஆலை வைத்தார். ஊருக்கே மின்விளக்கைக் காட்டியது ஒரு சினிமாக் கொட்டகை என்பது எந்த ஊருக்கு வாய்த்த பெருமை?

பட்டணத்தான்:
கேட்டது ஒன்று, வருவது வேறொன்று. மாவு ஆலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எந்த அரங்கு முதலில் திறந்தது என்பதுதான் கேள்வி. சென்ற மாதம் கோவை பக்ஷிராஜா ஸ்டுடியோ பற்றிய விவாதத்திலும் தாங்கள் இதே வழியில்தான் போனீர்கள். ஆண்டைக் கேட்டால் ஊரின் பெருமையைச் சொன்னீர்கள்.

வெரைட்டிஹால் ரோட்டுக்காரன்:
அந்த விவாதத்தில் பாதியில் எழுந்து போனவர் யார் என்பதை இங்கே இருப்பவர்கள் அறிவார்கள். அதைக் கிளற வேண்டாம்.

பழைய ஆப்பரேட்டர்:
நான் கொங்கு நாட்டில் ஒரு தியேட்டரில் இருபத்தேழு ஆண்டுகள் புரொஜெக்டர் ஓட்டியவன். நீங்கள் இருவரும் கட்டடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் புரொஜெக்டர் இருக்கும் கேபினைப் பற்றிச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு கார்பன் குச்சிகளை நுனியோடு நுனி காட்டி எரியவிட்டுத்தான் வெளிச்சம் எடுப்போம். குச்சி எரிந்து குறையக் குறையத் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மஞ்சளாகும், கீழே விசில் பறக்கும். சட்டை போட்டு நிற்க முடியாத வெக்கை. எனக்குக் கிடைத்தது எளிதில் தீப்பிடிக்காத பிலிம். வின்சென்ட் காலத்து பிலிமோ நைட்ரேட். ஒரு பொறி பட்டால் சுருள் முழுவதும் போய்விடும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அதைத் துணிக் கூடாரத்துக்குள், ஜனக்கூட்டத்துக்கு நடுவே, கையால் சுற்றி ஓட்டியிருக்கிறார்கள். அரங்கின் பாதுகாப்புக்கு விதி வைத்த சினிமாச் சட்டமே 1918இல்தான் வந்தது. அந்த மனிதர் கூடாரத்தை விட்டுச் செங்கல் கட்டடத்துக்கு மாறியதை நான் ஊர்ப்பெருமையாகப் பார்க்கவில்லை. தீயின் பயம் தெரிந்த தொழிலாளி செய்த காரியமாகப் பார்க்கிறேன். யார் முதல் என்பது எனக்குத் தெரியாது.

வெரைட்டிஹால் ரோட்டுக்காரன்:
ஐயா, தங்கள் பதிவைப் படித்து நெகிழ்ந்தேன். இப்படிப்பட்ட தொழில் அறிவோடு கட்டப்பட்டதால்தான் வெரைட்டி ஹால் நிலைத்தது. பிற்காலத்தில் டிலைட் என்று பெயர் மாறியும் தலைமுறை தலைமுறையாகப் படம் ஓடியது. சாலைக்கே அதன் பெயர்தான். காவல் நிலையத்துக்கும் அதே பெயர். எலக்ட்ரிக் தியேட்டரின் பெயரில் மவுண்ட் ரோட்டில் ஒரு சந்தாவது உண்டா?

பட்டணத்தான்:
சாலைக்குப் பெயர் வைத்தால் ஆண்டு மாறிவிடுமா? நான்காவது முறையாகச் சொல்கிறேன், முன்பே திறந்தது முன்பே திறந்ததுதான். தயாரிப்பாளர் என்ற பட்டத்திலும் இதே மிகைப்படுத்தல் நடக்கிறது. "வள்ளி திருமணம்" 1933இல் எங்கே எடுக்கப்பட்டது? கல்கத்தாவில், பயனீர் படநிறுவனத்தாரோடு சேர்ந்து. பி. வி. ராவ் இயக்கினார், டி. பி. ராஜலட்சுமி நடித்தார். இதில் கோவைக்கு என்ன பங்கு?

வெரைட்டிஹால் ரோட்டுக்காரன்:
கல்கத்தாவுக்குப் போனது குற்றமா? தாங்கள் இவ்வளவு பெருமை கொள்ளும் சென்னையில் 1934 வரை ஒரு பேசும்படமாவது எடுக்க முடிந்ததா? ஏ. நாராயணனின் சீனிவாசா சினிடோன் ஸ்டுடியோ வந்த பிறகுதான் அங்கே ஒலி பிறந்தது. அதுவரை தமிழ்ப் படம் எடுக்க வேண்டுமானால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ நடிகர், பாடகர், பக்கவாத்தியக்காரர் எல்லாரையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, திரும்பும் செலவு எல்லாம் தயாரிப்பாளர் தலையில். படம் காட்டிக் காட்டி ஜனங்களின் ரசனையை அறிந்த ஓர் அரங்கு உரிமையாளர், அவர்கள் எதைப் பார்க்க வருவார்கள் என்று தெரிந்து முருகன், வள்ளி கதையைத் தேர்ந்தெடுத்தார். படம் நல்ல வசூலைக் கண்டது. அந்த அலைச்சலை அனுபவித்ததால்தான், சில ஆண்டுகளில் கோவையிலேயே சென்ட்ரல் ஸ்டுடியோஸ் எழுந்தபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவராக நின்றார். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக அறிமுகமான "ராஜகுமாரி" 1947இல் உருவானது அங்கேதான். அதைப் பார்க்க வின்சென்ட் இல்லை, 1942இல் காலமாகிவிட்டார். கூடாரம், அரங்கு, தயாரிப்பு, ஸ்டுடியோ என்று படிப்படியாக ஏறிய இப்படி ஒரு வாழ்க்கையை வார்விக் மேஜருக்குத் தங்களால் காட்ட முடியுமா?

கிருஷ்ணா தீரம்:
வெங்கையாவும் அதே படிகளில் ஏறியவர்தான்: புகைப்படம், ஊர் ஊராகப் படம் காட்டுதல், அரங்கு, 1921இல் "பீஷ்ம பிரதிக்ஞை". அதுவும் வின்சென்ட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பாக. அவரைப் பற்றிக் கேட்டால் மட்டும் "சென்னையில் காசு இருந்தது" என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். தெலுங்கர் என்பதாலா?

வெரைட்டிஹால் ரோட்டுக்காரன்:
இந்தப் பழியை என்மேல் போட வேண்டாம். என் எழுத்தில் எந்த இடத்திலும் மொழி வரவில்லை; கொண்டுவந்தவர் தாங்கள். கோவையில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் ஏராளம்.

பட்டணத்தான்:
தெலுங்கு, தமிழ் எல்லாம் இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு திருத்தம். "தென்னிந்தியாவின் முதல்" என்பதை "முதல் அரங்குகளில் ஒன்று" என்று மாற்றுங்கள். ஒரே ஒரு சொல்தான். அதைக்கூடச் செய்ய மனமில்லையா?

பழைய ஆப்பரேட்டர்:
அவர் கேட்பதில் தவறில்லை தம்பி. மாற்றிவிடலாமே?

வெரைட்டிஹால் ரோட்டுக்காரன்:
ஐயா, தங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் மாற்ற மாட்டேன். ஓரிரு ஆண்டில் தபாலாபீஸ் ஆகிவிட்ட இடத்துக்காக அந்த மனிதரின் பெயருக்கு முன்னால் இருக்கும் ஒரு சொல்லை நான் எடுக்கப் போவதில்லை.

பட்டணத்தான்:
முன்பே திறந்தது முன்பே திறந்ததுதான். நாளைக் காலை அண்ணா சாலைக்குப் போய் அந்தக் கட்டடத்தைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.

வெரைட்டிஹால் ரோட்டுக்காரன்:
போடுங்கள். உள்ளே தபால்தலை விற்கும் கவுண்டரையும் சேர்த்தே எடுங்கள்.